மூக்குத்தியைத் தொட்டால் ட்வீட்டரைக் குறை

எதிர் வீட்டில் கோழியை அடைக்கு வைத்திருக்கிறார்கள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. விளாங்குடியில் வாசலுக்கு வாசல் கார் வந்துவிட்ட பிறகும் கோழி வளர்க்கிறவர்கள் வளர்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்தக் கோழி உட்கார்ந்திருந்தது ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள். முன்னால் பெரிய கூம்பு இருந்த வட்ட ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, கச்சேரிக்கு உட்கார்ந்த வித்வான் மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தது.

குனிந்து உள்ளே பார்த்தேன். என் முட்டிக்குக் குனிவது என்பதே ஒரு திருவிழா. கொடியேற்றத்திலிருந்து தேர் நிலைக்கு வருகிற வரைக்கும் நேரம் ஆகும். பெட்டியின் பின்பலகையில் ஒரு சின்ன அட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் செம்புக் கம்பிச் சுருளான காயில், புளிப்பு மிட்டாய் மாதிரி கண்டன்சர், அறுந்து தொங்கும் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும். ஒயரின் நுனியில் வைக்கோல்.

"என்னம்மா அப்படிப் பாக்குறீங்க, முட்டை எண்ணுறீங்களா?" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"இல்ல தாயி. கோழி கிராஸ் ஓவர் மேல உக்காந்துருக்கு. பொரிக்கிற குஞ்சுல பாதி தடிச்ச குரல்ல கத்தும், பாதி கீச்சுனு கத்தும். அப்புறம் எங்கிட்ட வந்து கேக்கக்கூடாது."

அவளுக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தாள். நான் சொல்வதில் பாதிக்கு இந்தத் தெருவே இப்படித்தான் சிரித்து வைக்கும்.

ஆனால் நிமிர முடியவில்லை எனக்கு. முட்டி காரணமில்லை. கோழி எச்சத்தின் நாற்றத்தையும் தாண்டி அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. ப்ளைவுட், பழம்பஞ்சு, அதற்கெல்லாம் அடியில் ஈயம் பற்றவைக்கும்போது கருகுகிற பிசின். அது என் தம்பி பாண்டியின் சட்டை வாசனை. அந்தச் சட்டையை நான் துவைத்த காலத்தில் எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. இப்போது எங்கு தேடினாலும் கிடைக்காத வாசனை எதிர் வீட்டுக் கோழிக்குக் கிடைத்திருக்கிறது.

பாண்டிக்கு டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. எமர்ஜென்சி முடிந்த சமயத்தில் திறந்தான். மதுரையில் அப்போது மைக்செட்டுக் கடைகள் ஏராளம். ஆனால் வீட்டுக்குள் வைத்துக் கேட்கிற ஜோடிப் பெட்டிகளைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறவர்கள் சென்ட்டையும் டார்ச் லைட்டையும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். வந்த வேகத்தில் மாற்றி ஒயர் சொருகிப் புகைய வைத்து, துணியில் சுற்றிப் பாண்டியிடம் கொண்டுவருவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிவருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள்.

கிராஸ் ஓவர் என்றால் என்ன என்று கேட்காதீர்கள், கேட்டால் சொல்லிவிடுவேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைப் பிடிக்காது. ஆனாலும் இது தெரியும். மாவு சலிக்கிற சல்லடை இருக்கிறதல்லவா, அதுதான். பாட்டு ஒயரில் வரும்போது கப்பியும் மாவும் கலந்து வரும். தடித்த சத்தத்தை எல்லாம் காயில் பிடித்துப் பெரிய கூம்புக்கு அனுப்பும். மெல்லிய சத்தத்தைக் கண்டன்சர் சலித்துச் சின்னக் கூம்புக்கு அனுப்பும். அந்தச் சின்னக் கூம்புதான் ட்வீட்டர். ஜால்ரா, சலங்கை, பாடுகிறவள் மூச்சு இழுக்கிற சத்தம் எல்லாம் அதில்தான். சல்லடை கிழிந்தால் பலகாரம் கெடும். பாண்டி சல்லடை தைக்கிறவன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைச் சரிபண்ணினோம், எடுத்துப் போ என்று கொடுப்பதில்லை. கேட்டுத்தான் கொடுக்கவேண்டும். கடையில் இரண்டு பெட்டியையும் வலது இடதாக வைத்து, நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, சொந்தக்காரரை உட்கார வைத்து, அவர் கொண்டுவந்த கேசட்டையே போடுவான் பாண்டி. "பாடுறவரு நடுவுல நிக்கிறாராண்ணே?" என்று கேட்பான். இரண்டு பெட்டிக்கும் ஒயர் ஒழுங்காக இருந்தால், பெட்டியே இல்லாத நடு இடத்தில் ஆள் நின்று பாடுவது போல இருக்கும். ஒரு பெட்டியில் மட்டும் ஒயர் மாறியிருந்தாலோ, பாடுகிறவர் கோபித்துக்கொண்டு சுவரோரம் போய்விடுவார். முதல் தடவை நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டபோது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்நிய ஆம்பிளை எதிரில் நிற்கிறாரே!

அப்படிப்பட்டவனுக்குக் காது போனது.

ஒரே நாளில் போகவில்லை. சின்ன வயதிலிருந்து மைக்செட்டுக்காரர்களோடு திருவிழா திருவிழாவாகச் சுற்றி, குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே படுத்து எழுந்தவன். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. மேல்சத்தம் முதலில் போயிருக்கிறது. அவனுக்கே தெரியவில்லை. தெரியாமல் என்ன செய்திருக்கிறான் என்றால், வருகிற பெட்டியில் எல்லாம் ட்வீட்டர் சத்தம் குறைவாக இருக்கிறது என்று நினைத்து, நல்ல கண்டன்சரைக் கழற்றிவிட்டுப் பெரிதாகப் போட்டிருக்கிறான். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து யுனிவர்சிட்டி வாத்தியார் ஒருவர் வருவார். "என்னப்பா, பாட்டு கேட்டா காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு," என்றார். "புதுக் கண்டன்சர் சார், போகப் போகப் பழகிரும்," என்றான் பாண்டி. செருப்புக் கடைக்காரன் சொல்வது போல.

எனக்குத் தெரிந்தது இதே விளாங்குடியில்தான். அப்போது இங்கே வீடுகள் இல்லை, வயல். எங்கள் சின்னையா வீட்டுக்கு வந்துவிட்டு, பொழுது சாய்கிற நேரம் வரப்போரமாக நடந்து வந்தோம். சில்வண்டு என்றால் அப்படி ஒரு சில்வண்டு. காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. பாண்டி நின்று சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"யக்கா, இந்த வருசம் சில்வண்டெல்லாம் எங்கக்கா போச்சு? ஒரு சத்தத்தையும் காணோம்."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் விளையாடுவதற்கு யாருக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை. பின்னாலேயே நடந்தவள் இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து அவன் பிடரிக்குப் பின்னால் ஆட்டினேன். திரும்பவில்லை. "டேய், கொரங்கு மூஞ்சி" என்றேன் மெதுவாக. திரும்பவில்லை. "ஒனக்கு வாரவ உன்னைய வெளக்கமாத்தால அடிப்பா" என்றேன். அவன் பாட்டுக்கு நடந்தான். முதலில் சிரிப்பு வந்தது எனக்கு. அப்புறம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவனுக்குச் சொன்னபோது அழவில்லை. "வெளிய சொல்லிராதக்கா. காது செத்த மெக்கானிக்குன்னா எவன்க்கா பெட்டி குடுப்பான்?" என்றான். "பொண்ணு எவன் குடுப்பான்னு கேளு மொதல்ல," என்றேன் நான்.

அன்றிலிருந்து அவன் காது நான்தான். என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட். ஆரப்பாளையத்து வீட்டில் வேலை முடித்துவிட்டு, சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற சாக்கில் கடையில் வந்து உட்கார்ந்துவிடுவேன். கடையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டோம். நாங்கள் பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு இது: மெல்லிய சத்தம் கூடுதலாக இருந்தால் மூக்குத்தியைத் தொடுவேன், ட்வீட்டரைக் குறைக்க வேண்டும். குறைவாக இருந்தால் தோட்டைத் தொடுவேன். எல்லாம் சரியாக இருந்து, பாடுகிறவர் நடுவில் நின்றால் நெற்றிப் பொட்டைத் தொடுவேன். வாடிக்கையாளர் பாட்டைக் கேட்பார், நான் பாட்டையும் கேட்டுத் தையலும் போடுவேன், பாண்டி என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே ஒயரைப் பற்றவைப்பான்.

ஒருநாள் வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கிருந்தோ ஒரு ஈ வந்து என் மூக்கில் உட்கார்ந்தது. தட்டிவிட்டேன். பாண்டி ட்வீட்டரைக் குறைத்தான். ஈ மறுபடி வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி குறைத்தான். அந்த ஈக்கு என் மூக்கில் என்ன சொத்தோ தெரியாது, விடவே இல்லை. கடைசியில் வாத்தியார் கண்ணைத் திறந்து, "ஏம்ப்பா, பாட்டுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றார். பாண்டி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன்.

மற்றபடி சமாளித்தோம். தடித்த குரல் அவனுக்குக் கேட்டது. ஆம்பிளைகள் கிட்டே நின்று பேசினால் முக்கால்வாசி பிடித்துவிடுவான், நான் எதிரில் நின்று கத்தினால் என்னையும். பிடிக்க முடியாததற்கு ஒரு சொல் வைத்திருந்தான்: "செஞ்சிரலாம்." வருகிறவர்கள் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்துச் சிரித்து, தலையை ஆட்டி, "செஞ்சிரலாம்ணே" என்பான். பெட்டியில் என்ன நோவு என்று அவர்கள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை, திறந்தால் பெட்டியே சொல்லும். அதனால் அந்தச் சொல் ஒருநாளும் அவனைக் காட்டிக்கொடுத்ததில்லை. பெட்டிகள் விஷயத்தில்.

டி. கல்லுப்பட்டியில் பெண் பார்த்தோம். வசந்தா. பள்ளிக்கூடம் முடித்தவள். எங்கள் கூட்டத்தில் அவ்வளவு படித்த பெண் அப்போது கிடையாது. சாதுவான முகம், சன்னமான குரல். பூப்போல என்று சொல்வார்களே, அதுவுமில்லை, பூ விழுகிற சத்தம் போல. அந்தக் குரலைக் கேட்டதும், 'ஐயோ, இது ட்வீட்டர் குரலாச்சே' என்று நினைத்தேன். பாண்டியிடம், "பரிசம் போடுறதுக்கு முன்னால சொல்லிருவோம்டா," என்றேன். "கல்யாணம் ஆகட்டும்க்கா. கொஞ்சம் பழகட்டும். நானே சொல்றேன்," என்றான். பெண்ணின் முகத்தை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

முகூர்த்தச் சேலை எடுக்க அவர்கள் மதுரைக்கு வந்த அன்று, பெண்ணின் ஐயா, "மாப்ள தொழில் பண்ற எடத்தையும் பாத்துருவோமே," என்று எல்லோரையும் கடைக்குக் கூட்டிவந்துவிட்டார். ஐயா, அம்மா, சேலைப் பையோடு வசந்தா. எனக்கோ குறும்பு. கட்டிக்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் தனியாக நிற்கட்டுமே என்று, "மாமா, அத்தே, வாங்க, வெயிலுக்கு ஒரு கலர் குடிப்போம். அவ இங்கன ஃபேனுக்கடியில நிக்கட்டும், மூஞ்சி எல்லாம் வேர்த்துருச்சு," என்று பெரியவர்களைச் சந்து முனைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கலர் குடிக்கிற நேரம்தான். திரும்பி வரும்போது வசந்தா வாசலில் நின்றாள். அவள் முகம் இப்போதும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. உள்ளுக்குள் விளக்கேற்றி வைத்த மாதிரி இருந்தது. அவள் அம்மாவின் விலாவில் இடித்தேன். "பாத்தீகளா அத்தே, பொண்ணுக்கு மாப்ளைய புடிச்சுப்போச்சு."

தை மாதம் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் பெண் தலைகுனிந்து இருப்பாள் என்றுதான் பார்த்திருக்கிறோம். வசந்தா நிமிர்ந்து பாண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ சொல்லப் போகிறான், இதோ சொல்லிவிடுவான் என்று காத்திருக்கிறவள் போல. "ஏ புள்ள, வீட்டுக்குப் போயிப் பாக்கலாம், உன் புருசன் எங்கயும் ஓடிர மாட்டான்," என்று நான் கேலி செய்தேன். முடிச்சை நான்தான் போட்டேன். நாத்தனார் முடிச்சு.

அப்புறம் அவள் பேசவில்லை.

சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் குடியிருந்தார்கள். சோறாக்கினாள், துவைத்தாள், மத்தியானம் கடைக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோனாள். கேட்டதற்கு ஒரு சொல், அதற்குமேல் கிடையாது. பாண்டிக்கு அது தெரியவே இல்லை. அவள் வாய் அசைவது குறைவு என்பது தெரியும். சன்னமாகப் பேசுகிறாள், தனக்குத்தான் எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டு, எட்டாததற்கெல்லாம் சேர்த்துச் சிரித்து வைத்தான். அவளுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

"சொல்லிட்டியாடா?" என்று மாதா மாதம் கேட்பேன், வாடகை கேட்கிற வீட்டு ஓனர் மாதிரி. "அவ ரொம்ப சாதுக்கா. இப்பச் சொல்லி எதுக்கு மனசக் கஷ்டப்படுத்தணும்," என்பான். இப்படியே ஒரு வருஷம் ஓடி, அடுத்ததும் பாதி ஓடிவிட்டது. பிள்ளையும் தங்கவில்லை.

ஒருநாள் காலை வசந்தாவைப் பார்க்க அவளோடு படித்த பெண் ஒருத்தி வந்தாள். கையில் குடை, தோளில் தோல் பை, காலில் வார் வைத்த செருப்பு. பக்கத்து ஊரில் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். சிரித்துப் பேசி, காபி குடித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நானும் வசந்தாவும் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். என் வாய் சும்மா இருக்குமா?

"அந்தப் புள்ள நடையப் பாத்தியா? டீச்சராயிட்டா தரையில கால் பாவாது போல."

வசந்தா அரிவாள்மணையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நானும் ஆயிருப்பேன் மதினி."

"எப்படி?"

"ட்ரெயினிங்ல எனக்கும் எடம் கெடச்சுச்சு. ரெண்டு வருசம் கழிச்சுக் கல்யாணத்த வச்சுக்கலாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, எங்கய்யா உங்க பேச்சுக்குக் கட்டுப்படுவாரு, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்கன்னு உங்க தம்பிகிட்டக் கேட்டேன். சேல எடுக்க வந்த அன்னைக்கு, கடையில."

என் கை புளியிலேயே நின்றுவிட்டது.

"அவன் என்னடி சொன்னான்?"

"சிரிச்சாரு. செஞ்சிரலாம்னாரு." கொட்டையைத் தட்டில் போட்டாள். "மணவறையில கூட, இப்பச் சொல்லிருவாரு, இப்பச் சொல்லிருவாருன்னே இருந்தேன் மதினி. முடியாதுன்னு சொல்லியிருந்தாக்கூட மதிச்சிருப்பேன். செஞ்சிரலாம்னு சொல்லி ஒரு பொம்பளையக் கழுத்தறுக்குறது என்ன மனுசத்தனம்?"

எத்தனையோ பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசியிருக்கிறேன். அன்றைக்குக் கையில் இருந்தது உண்மை ஒன்றுதான். "வசந்தா, அவனுக்குக் காது கேக்காது ஆத்தா," என்றேன். "ஒன் கொரலு அவனுக்குக் கேக்கவே கேக்காது. இம்புட்டு நாளும் நீ பேசுன ஒண்ணுகூட அவன் காதுல விழல."

அவள் என்னை நம்பவில்லை. தம்பியைக் காப்பாற்றப் புளுகுகிறேன் என்று நினைத்தாள். என் வாய் லட்சணம் அப்படி. புளிக் கையைக் கழுவக்கூட இல்லை, எழுந்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஆரப்பாளையத்திலிருந்து கடை வரைக்கும் அதே வேகம்.

பாண்டி தெருவுக்கு முதுகைக் காட்டி, ஒரு பெட்டியின் அட்டையை மடியில் வைத்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தான். வசந்தா அவனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பாண்டி," என்றாள்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எவளும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளை விட்டுச் சொல்லச் சொல்வாள். எங்கள் ஐயா பேர் கந்தசாமி என்பதால், எங்கள் அம்மா கந்தல் துணியைக்கூடக் 'கிழிசல்' என்றுதான் சொல்லும். வசந்தா சொன்னாள். மெதுவாக ஒரு தடவை. அப்புறம் கொஞ்சம் உரக்க. அப்புறம் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி, "பாண்டி! ஏ பாண்டி!"

அவன் ஈயத்தின் மேல் வாயால் ஊதிக்கொண்டிருந்தான்.

அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "வா வா, அதுக்குள்ள சாப்பாட்டு நேரமாயிருச்சா?" என்றான். அவள் அழுதுகொண்டே, "நான் என்ன கேட்டேன்னு செஞ்சிரலாம்னு சொன்னீங்க? என்ன கேட்டேன்னு தெரியுமா?" என்றாள். அவன் அவள் வாயைப் பார்த்தான். பிறகு பழக்கத்தில் என் பக்கம் திரும்பினான். அவன் கண் என் மூக்குத்திக்குப் போனது, தோட்டுக்குப் போனது, பொட்டுக்குப் போனது. எதைத் தொடுவேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

நான் எதைத் தொடட்டும், சொல்லுங்கள்?

கிட்டே போய், அவன் காதோரம் குனிந்து, ஆம்பிளைக் குரலாகத் தொண்டையைத் தடிக்க வைத்து, அவள் கேட்டதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மேசையில் ஈயக்கோல் புகைந்துகொண்டே கிடந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை.

மறுநாளே கல்லுப்பட்டிக்குப் பஸ் ஏறிப் போனான், மாமனாரைப் பார்க்க. இப்போதாவது படிக்க வைக்கிறேன் என்று சொல்லத்தான் போனான். அவர் சிரித்திருக்கிறார். "கட்டிக் குடுத்ததுக்கப்புறம் என்ன மாப்ள படிப்பு? அந்த எடம் எப்பவோ வேற பிள்ளைக்குப் போயிருச்சு. அப்பவே நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு வருசம் என்ன, மூணு வருசம்கூட நிறுத்தி வச்சிருப்பேனே." காதில் சரியாக விழவில்லை என்று அவரை அதைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறான். நன்றாகக் கேட்கிற வரைக்கும் கேட்டுவிட்டு வந்தான். வந்து, என் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "ஒரு வார்த்தக்கா," என்றான்.

வசந்தா அவனை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பதற்கு அவன் மேல் குற்றம் என்ன இருந்தது? குற்றம் இல்லாத இடத்தில் கோபப்படவும் முடியாமல், போனதைத் திரும்ப வாங்கவும் முடியாமல் அவள் கொஞ்ச நாள் தவித்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். அவனிடம்தான். சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் பேசினாள். கல்லுப்பட்டியில் அவள் வளர்த்த கன்றுக்குட்டி, பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசு, பிடிக்காத குழம்பு, முதல் நாளே என்னைப் பார்த்துப் பயந்தது. கடையில் எனக்குப் பதிலாக உட்கார்ந்தாள். என்னைவிடக் கூர்மையான காது அவளுக்கு. வாத்தியாரே பாராட்டினார்.

ஆனால் அதற்குள் பாண்டியின் தடித்த சத்தமும் கரையத் தொடங்கிவிட்டது. அவள் வாயைத் திறந்த காலமும் அவன் காது முழுசாக அடைத்த காலமும் ஒன்று.

ஒரு சாயங்காலம் பருப்பு வடை சுட்டு எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. வசந்தா தரையில் உட்கார்ந்து என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாண்டி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் முதுகில், தோள்பட்டைக்கு நடுவே, உள்ளங்கையை விரித்து வைத்திருந்தான். பெரிய கூம்பு அதிர்கிறதா என்று பெட்டியின் மேல் வைத்துப் பார்ப்பானே, அதே மாதிரி. "இன்னுங் கொஞ்சம் கீழ எறங்கிப் பேசு," என்றான். அவள் தொண்டையைக் கனக்க வைத்துப் பேசிப் பார்த்தாள். சிரிப்பு வந்து அவளால் முடியவில்லை. "இப்பச் சிரிக்கிற," என்றான் அவன், கண்ணை மூடிக்கொண்டு. "ஆமா, சிரிக்கிறேன்," என்றாள் அவள்.

கேலி பேசாமல் ஒரு வாசலிலிருந்து நான் திரும்பி வந்தது அது ஒன்றுதான். வடை ஆறிப்போனது.

ஒரு மழைக்காலத்தில் வசந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தும் நிற்கவில்லை, கொண்டுபோய்விட்டது. வீட்டில் பெண்கள் மார்பில் அடித்து அழுதார்கள். கல்லுப்பட்டியிலிருந்து வந்தவர்கள் கூரை தெறிக்க ஒப்பாரி வைத்தார்கள். பாண்டி அவர்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அது எதுவும் இல்லை. வாய்கள் திறக்கின்றன, மூடுகின்றன.

காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன பிறகு என்னிடம் வந்தான்.

"யக்கா, அவ கொரலு எப்படிக்கா இருந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு வாயா இல்லை? அந்தச் சந்திலேயே பெரிய வாய் என்னுடையது. பூ விழுகிற சத்தம் என்று சொன்னேன், சில்வண்டுக்கு இந்தப் பக்கம் என்று சொன்னேன், என்னென்னவோ சொன்னேன். அவன் என் உதட்டைப் பார்த்தான், புரியவில்லை என்று தலையை ஆட்டினான். நாள்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலோடு என் முன்னால் வைத்தான். எழுதச் சொன்னான்.

மூன்றாம் வகுப்பு எழுத்து. வாய்க்குள் கிடந்த எதற்கும் எனக்கு எழுத்து தெரியவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், எழுத்து எழுத்தாகக் கூட்டி, 'நல்லா இருக்கும்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவன் வாங்கிப் படித்தான். திருப்பிப் பார்த்தான், அந்தப் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"அம்புட்டுத்தானா?" என்றான்.

கடையைப் பிறகு அவன் திறக்கவில்லை. அந்தச் சந்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். பாண்டியும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. வசந்தாவின் குரலை ஒரு நாடாவில்கூட யாரும் பிடித்து வைக்கவில்லை. ஊர் பாட்டெல்லாம் இருந்த கடையில் அது இல்லை. அந்தக் குரலைக் கேட்டவர்களில் மிச்சம் இருப்பது நான்தான். எனக்கும் இப்போது டிவியைக் கூட்டிவைக்கச் சொல்லித் தோன்றுகிறது.

பேத்தி போன வருஷம் என்னை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். கொம்பும் காலும் இன்னும் தகராறுதான், ஆனால் மனதில் நினைப்பதை ஒரு பக்கம் எழுதிவிடுவேன். அந்தக் குரலைப் பற்றி இன்றைக்கு எனக்கு எழுத வரும். வாங்கிப் படிக்கத்தான் ஆளில்லை.